தரகர் வருமுன் சங்கம் வரட்டும்

நெய்து முடித்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்துக் கூலியும் நூலும் பெற்றுவர நெசவாளர் சாலையில் இறங்குகிறார். விடியுமுன் பறித்த காய்கறியை மூட்டை கட்டிக்கொண்டு விவசாயியும் சாலையில் இறங்குகிறார். ஒரு தலைமுறைக்கு முன்பு மாட்டு வண்டியும் சைக்கிளும் ஓடிய அதே சாலையில் இன்று கார்களும் லாரிகளும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் அங்கத்தினர்களும் மொபெட் வாங்கிவிட்டார்கள். பாவு நூலும் துணிக்கட்டும் மொபெட்டின் முன்புறத்தில் ஏறிக்கொண்டன. ஆபத்தும் உடன் ஏறிக்கொண்டது என்று கூறுவது மிகையாகாது.

விபத்தைத் தவிர்ப்பது எப்படி என்பதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். விபத்து நேர்ந்த பின்னர் அக்குடும்பத்துக்கு என்ன நேருகிறது என்பதைப் பற்றியே நாம் இங்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். ஏழைக்கு வக்கீல் வைத்துக் கொடுக்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த உதவி இலவசமானது. எனினும் உரிய நேரத்தில், உரிய சான்றுகளுடன் ஒருவர் அழைத்துச் சென்றாலன்றி அது உரியவரைச் சேர்வதில்லை. அந்த ஒருவராக நம் கூட்டுறவுச் சங்கம் இருக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நமது ஆய்வு எல்லைக்குட்பட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறோம். முப்பத்தெட்டு வயதுள்ள நெசவாளர் ஒருவர் துணியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது பின்னால் வந்த கார் மோதி, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலமானார். மனைவி, இரண்டு குழந்தைகள், வயது முதிர்ந்த பெற்றோர் ஆகியோர் அவரை நம்பியிருந்தனர். அவர் உயிர் பிரிவதற்கு முன்பே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு தரகர் அக்குடும்பத்தாரைக் கண்டுவிட்டார். 'கேஸ் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், உங்களுக்கு ஒரு காசு செலவில்லை' என்று கூறி, எழுதாத தாள்கள் சிலவற்றில் அந்தப் பெண்மணியின் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டார். வழக்கு நடந்தது, பணமும் வந்தது. வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு தரகருக்கும் அவர் அமர்த்திய வக்கீலுக்கும் போயிற்று.

அதனினும் வருந்தத்தக்க விஷயம் ஒன்று உண்டு. அந்நெசவாளர் பதினாறு ஆண்டுகள் அச்சங்கத்துக்கு நெய்தவர். ஆனால் சங்கப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பங்குத்தொகை தகப்பனார் பெயரில் இருந்தது. நூல் வழங்கியதும் கூலி வரவு வைத்ததும் தகப்பனார் பெயரிலேயே. மகன் நெய்தார் என்பதை ஊரே அறியும், ஏடு அறியவில்லை. ஆகவே, அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்பதற்குக் கோர்ட்டில் காட்ட ஒரு காகிதமும் கிடைக்கவில்லை. பின்னர் நாம் ஆய்வுக்குச் சென்றபோது, அப்பெண்மணி ஏதேனும் உதவித்தொகை உண்டா என்று கேட்டுச் சங்க வாசலில் நின்றிருந்தார். மனுவை வாங்கி மேலே அனுப்பிவைத்தோம். பெண் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு இலவச வக்கீல் கிடைத்திருப்பார் என்பதை நாமும் அன்று சொல்லவில்லை. நமக்கும் அன்று தெரியாது. கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய் குறைந்தால் கண்டுபிடிக்கக் கற்ற நாம், ஒரு குடும்பத்தின் உரிமை கைநழுவுவதைக் காணத் தவறினோம். இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது அதுவே.

இனிச் சட்டம் என்ன தருகிறது என்பதைக் காண்போம்.

ஏழைகளுக்குச் சட்ட உதவி வேண்டும் என்பதை ஆராய்ந்து, நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான குழு 1973 ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. பொருளாதாரக் குறைபாட்டினால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்ற கொள்கை, 1976 ஆம் ஆண்டின் 42 ஆவது திருத்தத்தினால் நம் அரசியலமைப்பில் 39-அ என்னும் விதியாகச் சேர்ந்தது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 ஆம் ஆண்டில் நிறைவேறி, 1995 நவம்பர் 9 ஆம் நாள் அமலுக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. வட்ட அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழு உண்டு. பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே இவற்றின் அலுவலகம் அமைந்திருக்கும். நேரில் செல்ல இயலாதவர் 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம்.

இவ்வுதவிக்கு உரியவர் யார்? அச்சட்டத்தின் 12 ஆவது பிரிவு அதை வரையறுக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் முதலியோர் தம் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியின்றியே இதைப் பெறலாம். ஏனையோர், மாநில அரசு விதித்துள்ள ஆண்டு வருமான வரம்புக்கு உட்பட்டிருந்தால் பெறலாம். வருமானத்துக்குச் சான்றாக மனுதாரர் எழுதிக் கொடுக்கும் பிரமாண வாக்குமூலத்தையே போதியதாகக் கொள்ளலாம் என்று அடுத்த பிரிவு கூறுகிறது. ஆகவே, கணவனை இழந்த பெண்ணும், தகப்பனை இழந்த குழந்தையும், விபத்தில் நிரந்தரமாக உறுப்புச் செயலிழந்தவரும் வருமானக் கணக்குக் காட்டாமலே உரியவர் ஆகின்றனர். நம் அங்கத்தினர் குடும்பங்களில் விபத்தினால் நீதிமன்ற வாசலை மிதிப்போரில் பெரும்பாலோர் இவ்வகையினரே. மனு நிராகரிக்கப்படுமாயின், ஆணைக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளவும் வழியுண்டு.

வக்கீலை அமர்த்திக் கொடுப்பதோடு உதவி முடிந்துவிடவில்லை. நீதிமன்றக் கட்டணம், நோட்டீஸ் அனுப்பும் கட்டணம், சாட்சிகளுக்கான செலவு ஆகியவையும் அதில் அடங்கும். இவ்வாறு அமர்த்தப்பட்ட வக்கீல் கட்சிக்காரரிடம் பணம் கேட்கவோ பெறவோ கூடாது. கேட்டால் ஆணைக்குழுவிடமே முறையிட வேண்டும்.

உதவி இருக்கிறது, ஆனால் காலம் காத்திருப்பதில்லை. இதில்தான் நம் மக்கள் பெரிதும் ஏமாந்து போகிறார்கள். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் முதலில் ஆறு மாதக் கெடு இருந்தது. 1994 ஆம் ஆண்டின் திருத்தம் அக்கெடுவை எடுத்துவிட்டது. அன்று தொட்டு இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேலாக, விபத்துக்கு எப்போது வேண்டுமானாலும் நஷ்ட ஈடு கேட்கலாம் என்ற எண்ணம் ஊர்ப் பெரியவர்களின் மனத்தில் வேரூன்றிவிட்டது. ஆனால் 2019 ஆம் ஆண்டில் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று மீண்டும் விதித்துவிட்டது. 'கருமாதி முடியட்டும், வருஷம் திரும்பட்டும்' என்று காத்திருப்பவர் தம் உரிமையைத் தாமே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார். அவ்வாறு தாமதமாகிவிட்டவரும் தமக்குத் தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு வீட்டில் அமர்ந்துவிடலாகாது. இனி வழியுண்டா என்பதையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீலிடமே கேட்க வேண்டும்.

போலீசாருக்கும் கடமைகள் உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, விபத்தைப் பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் அவர்கள் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அவ்வறிக்கையையே நஷ்ட ஈட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்கவும் சட்டம் இடம் தருகிறது. இது நல்ல ஏற்பாடே. எனினும் போலீசார் அனுப்பியிருப்பார்கள் என்று நம்பியிருந்து கெடு கடந்துபோன பின்னர் விசாரிப்பது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதற்கு ஒப்பாகும். முதல் தகவல் அறிக்கை, மகஜர், காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, மோதிய வண்டியின் இன்ஷூரன்ஸ் விவரம் ஆகியவற்றின் நகல்களை உடனே பெற்று வைத்துக்கொள்ளல் வேண்டும்.

விபத்து வெகுதூரத்து ஊரில் நடந்தது, அங்கே சென்று வழக்காட முடியுமா என்று சிலர் மலைக்கிறார்கள். மலைக்க வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனுதாரர் விருப்பப்படி வழக்குத் தொடுக்கலாம் என்று 166 ஆவது பிரிவு கூறுகிறது. ஈரோட்டு நெசவாளர் சென்னையில் அடிபட்டாலும் ஈரோட்டிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்? அதற்கும் ஒரு திட்டம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வண்டி மோதி உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சமும், கொடுங்காயம் அடைந்தவருக்கு ரூ. 50,000 உம் வழங்க வேண்டும். முன்னர் இது ரூ. 25,000 ஆகவும் ரூ. 12,500 ஆகவும் இருந்தது. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலுள்ள விசாரணை அதிகாரியிடம் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கோயமுத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் ஒருவர் 2012 ஆம் ஆண்டில் தொடுத்த பொதுநல வழக்கில், இத்திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசாரே தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு போட்டுத் தெரிவிக்கச் சொல்ல வேண்டிய அளவுக்கு இத்திட்டம் மக்களிடம் அறியப்படாமல் இருந்தது என்பதே இதன் பொருள்.

இனி, வேண்டாத கையெழுத்துகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள்.

முதலாவது, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே பெறக்கூடிய தொகையொன்று உண்டு. 164 ஆவது பிரிவின்படி உயிரிழப்புக்கு ரூ. 5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ. 2½ லட்சம். தவறு தம் பக்கத்திலும் இருக்கக்கூடும் என்று அஞ்சும் குடும்பத்துக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் சமரசமாகக் கொடுக்க முன்வரும் இத்தொகையை முறைப்படி ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் செய்த மனு அத்துடன் காலாவதியாகிவிடும். எது இலாபம், எது நஷ்டம் என்று கணக்குப் பார்க்காமல் கையெழுத்திடலாகாது.

இரண்டாவது, மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத். அங்கே வழக்குகள் விரைவில் முடிகின்றன, கட்டணமும் இல்லை. நாம் அதை வரவேற்கிறோம். எனினும் அங்கே ஏற்பட்ட முடிவு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. சம்மதித்தால்தான் சமரசம், சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. கொடுக்கும் தொகை குறைவு என்று தோன்றினால், மறுத்துவிட்டு வழக்கைத் தொடரலாம்.

நஷ்ட ஈடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை நம் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் இங்கேதான் சங்கத்தின் ஏடு பேசப் போகிறது. உச்ச நீதிமன்றம் 2009 இலும் 2017 இலும் அளித்த தீர்ப்புகள் ஒரு முறையை வகுத்துள்ளன. மேற்கூறிய நெசவாளரையே எடுத்துக்கொள்வோம். வயது 38. அவர் மாதம் ரூ. 12,000 கூலி பெற்றார் என்று சங்கப் பதிவேட்டினால் மெய்ப்பிக்க முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவர் என்பதால், எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும், மாதம் ரூ. 16,800, ஆண்டுக்கு ரூ. 2,01,600. மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை அண்டியிருப்பதால், அவருடைய சொந்தச் செலவுக்கெனக் கால் பங்கு கழிக்க வேண்டும், மிச்சம் ரூ. 1,51,200. அவருடைய வயதுக்குரிய பெருக்கெண் 15. ஆக, ரூ. 22,68,000. ஈமச்சடங்கு முதலியவற்றுக்கான தொகைகள் இதற்கு மேல்.

இனி, அதே நெசவாளருக்கு வருமானச் சான்று ஒன்றும் இல்லாமல், கோர்ட்டார் தாமே மதிப்பிட்டு மாதம் ரூ. 8,000 என்று கொண்டால் என்ன ஆகும்? அதே கணக்கில் ரூ. 15,12,000 தான் வரும். இரண்டுக்கும் இடையே ரூ. 7,56,000 வேறுபாடு. ஒரு தறியும் ஒரு வீடும் இரண்டு குழந்தைகளின் படிப்பும் அந்த வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. சங்கக் கணக்கரின் பேனா எழுதாமல் விட்ட ஒரு பெயரின் விலை அது.

ஆகவே, சங்கக் காரியதரிசிகளுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் நாம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. நெய்கிறவர் பெயரும் ஏட்டிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். தகப்பனார் பெயரில் மகன் நெய்வதும், அண்ணன் கணக்கில் தம்பி கூலி வாங்குவதும் பல சங்கங்களில் பழக்கமாகிவிட்டன. புதிய அங்கத்தினரைச் சேர்ப்பதில் உள்ள தயக்கமும், 'எல்லாம் ஒரே குடும்பந்தானே' என்ற எண்ணமும் இதற்குக் காரணம். ஆய்வுக்கு வரும் நாமும் கூட்டுத்தொகை சரியா என்று பார்த்துவிட்டுப் பெயர் சரியா என்று பாராமல் திரும்பியிருக்கிறோம். விவசாயிகளின் நிலையும் இதுவே. பட்டா பாட்டனார் பெயரில். சங்கத்துக்கு ஊற்றும் பால் தாயார் பெயரில். மார்க்கெட்டில் விற்ற காய்கறிக்கு ரசீதே இல்லை. உழைப்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் இருந்தால், விபத்தன்று எழுத்துத்தான் வெல்லும்.

பெண்களின் உழைப்பையும் இங்கே மறக்கலாகாது. தார் சுற்றுவதும், இழை பிணைப்பதும், பாவு ஓடும்போது உடன் நிற்பதும் பெண்கள். அவர்களுக்கெனத் தனிக்கூலி ஏட்டில் ஏறுவதில்லை. இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பிட்டு நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதியாகக் கூறியிருக்கிறது. விபத்தில் இறந்தவர் பெண் என்றால் 'வருமானம் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடும் பழக்கத்தைச் சங்கங்கள் விட்டொழிக்க வேண்டும். அவர் என்ன வேலை செய்தார் என்பதை உள்ளபடி எழுதிக் கொடுப்பதே நியாயம்.

உயிர் பிழைத்து ஊனமுற்றவர் விஷயத்தில் வேறொரு நுட்பம் உண்டு. டாக்டர் தரும் சான்றில் ஊனம் 30 சதவீதம் என்று இருக்கலாம். அதனால் வருமான இழப்பும் 30 சதவீதந்தான் என்று ஆகிவிடாது. அந்த ஊனம் அவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆம் ஆண்டிலேயே விளக்கியது. குமாஸ்தாவுக்குக் கால் விறைத்துப்போனால் நாற்காலியில் அமர்ந்து எழுதலாம். குழித்தறியில் அமர்ந்து மிதிபலகையை மிதிக்க வேண்டிய நெசவாளருக்கு அதே ஊனம் பிழைப்பையே பறித்துவிடும். தறி எப்படி இயங்குகிறது என்பதை நீதிபதி அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க இயலாது. சங்கக் காரியதரிசி சாட்சிக் கூண்டில் ஏறி, கால் இல்லாமல் தறி இல்லை என்று சொல்ல வேண்டும். இந்தச் சாட்சியத்தை வேறு யார் சொல்ல முடியும்?

இத்தனைக்கும் நடுவே இரக்கத்தினால் ஒரு தவறு செய்துவிடக் கூடாது. பாவம், ஏழைக் குடும்பம் என்று எண்ணி, பன்னிரண்டாயிரம் பெற்றவருக்கு இருபதாயிரம் என்று சான்று எழுதிக் கொடுப்பது உதவியன்று. எதிர்த்தரப்பு வக்கீல் மூலப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுவார். அன்று பொய்ச் சான்று மெய்யான கூலியையும் சேர்த்து அழித்துவிடும். சங்கத்தின் மற்றெல்லா ஏடுகளின் மீதும் கறை படியும். நிகழ்ந்தபின் ஏட்டில் பெயர் நுழைப்பதும் அவ்வாறே. முன்னதாகச் செம்மையாக எழுதுவதே சங்கம் செய்யக்கூடிய தருமம்.

இனித் தரகரைப் பற்றி. வக்கீல் தொழிலை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. நியாயமான கட்டணம் பெற்று நேர்மையாக வழக்காடும் வக்கீல்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். வசதியுள்ளவர் தமக்கு நம்பிக்கையுள்ளவரை அமர்த்திக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதும், ஆள் வைத்துக் கட்சிக்காரர்களைப் பிடிப்பதும் இந்திய பார் கவுன்சில் விதிகளினால் தடுக்கப்பட்டவை. ஆகவே, 'ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை' என்று ஆஸ்பத்திரி வாசலில் பேசுகிறவர் முதல் வாக்கியத்திலேயே விதியை மீறுகிறார். அவரிடம் வெற்றுத்தாளில் கையெழுத்திடுவது, பூட்டிய வீட்டின் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பது போன்றது. நஷ்ட ஈட்டுத் தொகையை உரியவரின் பாங்குக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் வழிகாட்டியிருக்கிறது. ஆகவே, பாஸ்புத்தகத்தையும் கையெழுத்திட்ட காசோலையையும் பிறர் கையில் கொடுத்து வைக்கலாகாது.

'இலவச வக்கீல் சரியாகக் கவனிப்பாரா? காசு கொடுத்தால்தானே வேலை நடக்கும்?' என்று பலரும் கேட்கிறார்கள். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆணைக்குழு அமர்த்தும் வக்கீல்களில் ஊக்கமுள்ளவரும் உண்டு. ஊக்கம் குறைந்தவரும் இருக்கலாம். வாய்தாக்கள் நீள்வதும் உண்மையே. ஆனால் தரகர் அமர்த்தும் வக்கீலை மாற்ற அந்த ஏழைப் பெண்மணிக்கு எந்த வழியும் இல்லை. ஆணைக்குழுவின் வக்கீல் மீது குறையிருந்தால், அதன் செயலாளரான நீதிபதியிடம் முறையிட்டு வேறொருவரைக் கேட்கலாம். கேட்க ஒரு வாசல் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. மேலும், சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் கூடச் சென்று விசாரிக்கிறார் என்று தெரிந்தால், கவனிப்பு தானே கூடும். தனித்து நிற்கும் கைம்பெண்ணுக்கும், பின்னால் ஒரு சங்கம் நிற்கும் கைம்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அலுவலகமும் அறியும்.

'சங்கத்தின் வேலை நூலும் துணியும், கடனும் வசூலும். கோர்ட்டு விவகாரம் நமக்கெதற்கு?' என்று நிர்வாகக் குழுவினர் சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டில் கூட்டுறவு எதற்காகத் தோன்றியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். 1904 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் முதற் சங்கங்கள் பிறந்தபோது, அவை எதிர்த்து நின்றது லேவாதேவிக்காரரை. குடியானவனின் அவசரத்தையும் அறியாமையையும் முதலாக வைத்து அவர் வட்டி வாங்கினார். ஆஸ்பத்திரித் தரகரும் அதே அவசரத்தையும் அதே அறியாமையையுமே முதலாக வைத்திருக்கிறார். பெயர் மாறியிருக்கிறது, தொழில் மாறவில்லை. அன்றியும், விபத்தில் சிக்கிய அங்கத்தினரின் தறி நின்றுபோனால் சங்கத்தின் உற்பத்தி குறைகிறது. அவர் பெற்ற கடன் தவணை தவறுகிறது. ஆகவே தன் கணக்கைக் காப்பதற்காகவேனும் சங்கம் இதில் தலையிட்டாக வேண்டும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பின்வருமாறு ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும்.

முதலாவது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வட்டக் குழு ஆகியவற்றின் முகவரியும், 15100 என்ற எண்ணும் கூலி பட்டுவாடா செய்யும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் எழுதப்படட்டும்.

இரண்டாவது, விபத்துப் பதிவேடு ஒன்று திறக்கப்படட்டும். அங்கத்தினர் எவருக்கேனும் விபத்து நேர்ந்தால் அந்தத் தேதியையும், அதிலிருந்து ஆறு மாதம் முடியும் தேதியையும் காரியதரிசி அதில் சிவப்பு மையால் குறிக்கட்டும். கடன் தவணைத் தேதியை மறவாத நம் சங்கங்கள் இதை மறக்க நியாயமில்லை.

மூன்றாவது, விபத்துச் செய்தி எட்டிய மறுநாளே நிர்வாகக் குழுவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, 'எதிலும் கையெழுத்திட வேண்டாம், சட்ட உதவிக்கு நாங்கள் அழைத்துச் செல்கிறோம்' என்று அக்குடும்பத்தாரிடம் சொல்லட்டும். இந்த ஒரு வாக்கியத்தை முதலில் சொல்பவர் சங்கத்தாரா, தரகரா என்பதிலேயே பல குடும்பங்களின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது.

நான்காவது, கடைசி மூன்று ஆண்டுகளின் கூலிக் கணக்கை அல்லது விளைபொருள் வரவுக் கணக்கைப் பதிவேட்டின்படி நகலெடுத்து, மனுக் கேட்ட ஒரு வாரத்துக்குள் சான்றாக வழங்கட்டும்.

ஐந்தாவது, நெய்பவர் பெயரும் ஏட்டுப் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று இவ்வாண்டு முடிவதற்குள் ஒரு முறை தறிவாரியாகச் சரிபார்க்கட்டும். தனித்து நெய்யும் மகனையும் மருமகளையும் அங்கத்தினராகச் சேர்க்கட்டும். ஆய்வுக்கு வருகையில் இப்பட்டியலையும் கேட்டுப் பார்ப்பது எனக் கொண்டுள்ளோம்.

ஊர்தோறும் சட்டம் சார்ந்த தன்னார்வலர்களை ஆணைக்குழு நியமிக்கிறது. அவர்களில் ஒருவரை மகாசபைக் கூட்டத்துக்கு அழைத்து, அரை மணி நேரம் பேசச் சொல்லலாம். ஆண்டறிக்கை வாசித்து இலாபம் பங்கிடும் நாளில் அங்கத்தினர் கூடுகிறார்கள்; அன்று சொன்னது வீடுதோறும் போய்ச் சேரும்.

மேற்சொன்ன பெண்மணி இப்போது அச்சங்கத்தில் தம் பெயரிலேயே அங்கத்தினராகி, அதே தறியில் நெய்கிறார். அண்மையில் ஆய்வுக்குச் சென்றபோது கூலிப் பதிவேட்டில் அவர் பெயரைக் கண்டோம். ஒவ்வொரு மாதமும் அவர் கைப்பட இட்ட கையெழுத்தும் இருந்தது. அவருக்கு அன்று சொல்லத் தவறியதை இன்று எல்லாச் சங்கங்களுக்கும் சொல்லிவிட்டோம். அடுத்த விபத்து எந்த ஊரில், எந்த அங்கத்தினருக்கு என்பதை எவரும் அறியார். அன்று அக்குடும்பத்தின் பக்கத்தில் முதலில் சென்று நிற்பவர் நம் சங்கத்தாராகவே இருக்கட்டும்.